பச்சைப் பூச்சின் கீழ்

பழம்பொருள்களின் மீது கொள்ளும் மோகம் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கே என்பது நெடுங்காலமாக எமது கருத்தாக இருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வெளிவந்த மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, புதுப் பூச்சுப் பூசி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக நிறுத்தி அழகு பார்க்கும் மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டபோதெல்லாம், வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கி விடுவோம். அக்கருத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. மறுபாதியை எமக்குக் கற்பித்தது ஒரு பழைய லொறியின் கதவு. கற்றுக்கொள்வதற்கு முன் அக்கதவுக்கு நாம் ஒரு தீங்கும் இழைத்து விட்டோம்.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடபுறத்தே சான் பெர்னாண்டோப் பள்ளத்தாக்கில் உறவினர் வீடொன்றில் சில மாதங்கள் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் வாழ்ந்தவர் எண்பதை எட்டிய ஒரு பெரியவர். மெக்சிக்கோவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகளின் மகன். அவரது வீட்டின் பின்புறக் கொட்டகையில், சில்லுகள் கழற்றப்பட்டு, இரும்பு முட்டுகளின் மேல் நின்றது 1951 ஆம் ஆண்டுச் செவ்ரலே பிக்கப் லொறி ஒன்று. அவரது தந்தை அதை இரண்டாங் கையாக வாங்கியவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த எம்மைப் பெரியவர் உள்ளே அழைத்தார். முதல் நாள் பார்வையாளராகப் போன நாம், இரண்டாம் வாரத்தில் அரத்தாள் பிடிக்கும் உதவியாளராகி விட்டோம்.

இவ்வண்டிகளின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1942 பெப்ரவரியில் அந்நாட்டில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆலைகள் போர் விமானங்களையும் தாங்கிகளையும் செய்தன. 1945 இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது வெளிவந்த கார்கள் பெரும்பாலும் போருக்கு முந்திய உருவத்தையே கொண்டிருந்தன. செவ்ரலே லொறியோ 1947 கோடையில் முற்றிலும் புதிய உருவத்தோடு வந்தது. 1955 வரை அவ்வுருவம் நீடித்தது. உருண்டு திரண்ட முகப்பு, அதிலே ஐந்து கிடைச் சட்டங்கள், ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆறு வோல்ட் மின்சாரம், பலகை பரப்பிய பின்தளம். பாரம் ஏற்றிப் பிழைப்பவனுக்கு வேண்டியன எல்லாம் அதில் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கார்களின் கதை வேறு. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் 1927 முதல் 1958 வரை உருவமைப்புப் பிரிவை நடத்தியவர் ஹார்லி ஏர்ல். 1948 ஆம் ஆண்டுக் கடிலக் காரின் பின்புறத்தில் முளைத்த சிறு செட்டை, பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்துப் பிறந்தது. 1959 இல் அதே செட்டை வானைக் குத்துவதுபோல் வளர்ந்து நின்றது. அதனால் வண்டி வேகமாக ஓடியதா? இல்லை. கூடுதற் காலம் உழைத்ததா? அதுவும் இல்லை. சென்ற ஆண்டு வண்டி வாங்கியவன் இவ்வாண்டு அடுத்த வீட்டானின் வண்டியைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்பதே அதன் பயன். பழுதடையாத பொருளைப் பழையதாக்கிக் காட்டும் இந்த வித்தை அந்த நிறுவனத்தின் வெளிப்படையான கொள்கையாகவே இருந்தது. 1955 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 79 இலட்சம் கார்கள் உற்பத்தியாகின. இரும்பையும் றப்பரையும் போலவே வெட்கமும் அவ்வுற்பத்தியின் ஒரு மூலப்பொருளாயிற்று என்று சொன்னால் மிகையன்று.

இவ்வண்டிகளைச் செய்த கைகளின் கதையையும் மறக்கலாகாது. 1945 நவம்பரில் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 113 நாட்கள் நீடித்தது. சம்பளத்தை நூற்றுக்கு முப்பது வீதம் உயர்த்த வேண்டும், காரின் விலையை உயர்த்தலாகாது, கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்ட வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் வோல்டர் ரூதர் கேட்டார். என்ன விலைக்கு விற்பது என்ற கேள்வியில் தொழிலாளிக்கும் இடம் உண்டு என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள். 1950 இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. வாழ்க்கைச் செலவோடு உயரும் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன. அவை சிறிய வெற்றிகள் அல்ல. ஆனால் எதைச் செய்வது, எவ்வாறு செய்வது, என்ன விலைக்கு விற்பது என்ற தீர்மானங்கள் எல்லாம் கொம்பனியிடமே நின்றுவிட்டன. கூலி உயர்ந்தது, செய்யும் பொருளின் மீது தொழிலாளிக்கு இருந்திருக்க வேண்டிய உரிமை பேச்சிலிருந்தே மறைந்தது.

எமது பெரியவரும் இத்தகைய ஆலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அவருடைய வேலை கதவு பொருத்துவது. நகர்ந்து வரும் வரிசையில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு கதவு. இலட்சக்கணக்கான கதவுகளைத் தொட்ட அக்கைகள், ஒரு வண்டியையேனும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்ததில்லை. இந்த லொறியில்தான் முதன்முதலாக எஞ்சினையும் மின்கம்பிகளையும் பின்தளப் பலகையையும் ஒரே மனிதராக நின்று செய்வதாக அவர் சொன்னார். அப்போதுதான் எம் கருத்தில் முதற் கீறல் விழுந்தது. ஆலை இருபது ஆண்டுகளாக அவரிடமிருந்து பறித்து வைத்திருந்த முழுமையான உழைப்பை அவர் தமது கொட்டகையில் மீட்டுக் கொண்டிருந்தார்.

அவ்வுழைப்பு எளிதானதன்று. அப்பழைய எஞ்சினின் இணைதண்டுப் பெயரிங்குகள் இன்றுள்ளவைபோல் கடையில் வாங்கிப் பொருத்துபவை அல்ல. 'பபிற்' என்னும் மென்மையான கலப்புலோகத்தை உருக்கி வார்த்து, பின்பு அளவாகக் கடைந்து எடுக்க வேண்டும். இன்று அதைச் செய்யத் தெரிந்தோர் மிகச் சிலர். வண்டியின் கீழ்மூலைகளில் நீர் தேங்கித் தகடு அரித்துப் போயிருந்தது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வளைத்து ஒட்டி, ஒட்டின் மேல் ஈயத்தை உருக்கி மெழுகுபோல் பரப்பி அரத்தால் இழைத்தார். பழைய பூச்சிலும் ஈயம் உண்டு என்று சொல்லி, முகமூடி அணியாமல் எம்மை அரத்தாளைத் தொட விடமாட்டார்.

பழமையை மீட்பதில் இரு வழியினர் உண்டு. வண்டி ஆலையை விட்டு வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு திருகாணியும் பிசகாமல் ஆக்குவோர் ஒரு சாரார். கண்காட்சி நடுவர்கள் அவர்களுக்கே புள்ளி இடுவர். ஆலை தந்த உருவத்தை வெட்டியும் ஒட்டியும் தம் விருப்பப்படி மாற்றுவோர் மறு சாரார். இவ்விரண்டாம் வழியைச் செல்வரின் கேளிக்கை என்று தள்ளிவிட முடியாது. போர் முடிந்து திரும்பிய இளைஞரும், புதுக் கார் வாங்க வக்கில்லாத கலிபோர்னிய மெக்சிக்க இளைஞரும் பழைய வண்டிகளை மலிவாக வாங்கி உருமாற்றத் தொடங்கினர். கூரையை அறுத்துத் தாழ்த்தினர். பெயர்ப் பட்டைகளையும் கைப்பிடிகளையும் நீக்கி வழுவழுப்பாக்கினர். ஸ்பிரிங்குகளை வெட்டி வண்டியை நிலத்தோடு நிலமாக இறக்கினர். அதற்கு வழியற்றவர்கள் பின்பெட்டியில் மணல் மூடைகளை ஏற்றினர். கொம்பனி ஆண்டுதோறும் புதுமையைத் திணித்தபோது, கொம்பனியின் முத்திரையையே பிடுங்கி எறிந்துவிட்டுத் தம் புதுமையைத் தாமே செய்துகொண்ட செயல் அது. பிறர் விரைவாக ஓட்டிப் பெருமை பேசிய நாட்டில், அவர்கள் தாழவும் மெதுவாகவும் ஓட்டிச் சென்றார்கள். எங்களைப் பாருங்கள் என்று சொல்வதற்கு மெதுவாகத்தானே போக வேண்டும்?

பார்க்க விரும்பாதவர்களும் இருந்தார்கள். சில்லின் இரும்பு விளிம்புக்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் தாழலாகாது என்று 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. றொன் அகிரே என்ற இளைஞர் 1959 அளவில், விமானங்களின் உபரிச் சாமான்களிலிருந்து எடுத்த நீரழுத்தப் பம்புகளைத் தம் கோர்வெட் காரில் பொருத்தினார். பொலிசார் வந்தால் வண்டி உயரும், போனால் தாழும். சட்டம் தடுக்க முனைந்த இடத்தில் ஒரு கலையே பிறந்தது. கிழக்கு லொஸ் ஏஞ்சலிசின் விற்றியர் பெருவீதி இவ்வண்டிகளின் ஊர்வலத்துக்குப் பேர்போனது. 1970 ஓகஸ்ட் 29 ஆம் நாள் வியட்னாம் போருக்கு எதிராக மெக்சிக்க வழிவந்த மக்கள் திரண்டபோது, பத்திரிகையாளர் றூபன் சலாசார் பொலிசாரின் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்ததும் அதே வீதியில்தான். வீதி யாருக்குரியது என்ற கேள்வி அங்கே வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாக இருக்கவில்லை. வண்டியைத் தாழ்த்துவதையும் மெல்ல ஊர்வதையும் தடுத்த சட்டவிதிகள் 2023 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டு, 2024 சனவரி முதலாந் திகதி முதல் அம்மாநிலம் முழுவதும் அவை செயலற்றுப் போயின. அந்நீதி வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

எமது பெரியவரும் இளமையில் அவ்விளைஞருள் ஒருவராக இருந்தவர். தந்தை இன்னொரு வண்டி வாங்கியபோது பழைய லொறி மகனுக்குக் கிடைத்தது. 1964 இல், பத்தொன்பது வயதில், அதனைத் தாழ்த்தி, உலோகப் பொடி கலந்த கரும்பச்சைப் பூச்சை அதற்குத் தாமே பூசினார்; இரவுகளில் வான் நைஸ் பெருவீதியில் ஓட்டிச் சென்றார். இவற்றை எல்லாம் மகிழ்ச்சியோடு எமக்குச் சொல்லியிருந்தார். சொல்லாத ஒன்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை இடப்புறக் கதவைத் தேய்க்கும் வேலையை எம்மிடம் தந்துவிட்டு அவர் கோப்பி போட உள்ளே போனார். நாம் ஊக்கத்தோடு தேய்த்தோம். பச்சை கரைந்தது. அதன் கீழ் வெள்ளையாகச் சில திட்டுகள் தெரிந்தன. அடிப்பூச்சு என்று எண்ணி அவற்றையும் தேய்த்தோம். தகடு பளிச்சிடத் தொடங்கியது. வேலை நன்றாக நடக்கிறது என்ற பெருமிதத்தோடு கையை வலப்பக்கமாக நகர்த்தியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. உரத்த குரல் அன்று. ஆனால் எமது கை தானாக நின்றுவிட்டது.

அவர் கோப்பிக் கோப்பைகளை நிலத்தில் வைத்துவிட்டு, கதவின் முன் முழந்தாளிட்டார். ஈரத் துணியால் தூசியை மெல்ல ஒற்றி எடுத்தார். வெள்ளைத் திட்டுகள் எழுத்துகளாயின. தூரிகையால் கையாலேயே எழுதிய ஆங்கிலச் சொல். தோட்டக்காரர் என்பது பொருள். அதில் முதல் இரண்டு எழுத்துகள் இல்லை. அவை எமது அரத்தாளில் வெண்தூசியாக ஒட்டியிருந்தன.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சற்று நேரங் கழித்து, அச்சொல்லின் நடுவே ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. எம்மால் அழிந்ததன்று, எழுதியபோதே விடுபட்டது. அவரது தந்தை பள்ளிக்கூடம் போகாதவர். பிறர் வீட்டுப் புல்லை வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். தமது தொழிலைத் தாமே கதவில் எழுதிக்கொண்டார். ஓர் எழுத்து விடுபட்டது அவருக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியும். பள்ளி வாயிலில் அந்த லொறி வந்து நிற்கும்போதெல்லாம் சக மாணவர் அச்சொல்லை வாசித்துச் சிரித்ததும் அவனுக்குத் தெரியும். லொறி தன் கைக்கு வந்ததும் அவன் செய்த முதல் வேலை அதன் மேல் பச்சைப் பூச்சைப் பூசியது. தந்தை பார்த்தார்; நல்ல நிறம் என்று மட்டும் சொன்னார். அதன்பின் இறக்கும்வரை இருவரும் அக்கதவைப் பற்றிப் பேசவில்லை.

இதைச் சொல்லும்போது பெரியவர் எம்மைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக் கொண்டிருந்தார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பிறர் பொருளைப் பழுதாக்கிவிட்டோம் என்ற துயரம் ஒரு புறம். மறுபுறம், ஆண்டுதோறும் புது உருவம் காட்டி வெட்கத்தை விற்ற அச்சமுதாயம், ஓர் இளைஞனின் கையில் பூச்சுத் துப்பாக்கியைக் கொடுத்துத் தந்தையின் உழைப்பையே மூடச் செய்த விதத்தை எண்ணினோம். உருமாற்றும் கலையை மக்கள் கலை என்று சற்று முன்னர் புகழ்ந்தோம். அப்புகழ்ச்சியை நாம் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதே பூச்சின் கீழ் இப்படியும் ஒன்று மறைந்திருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அரை உண்மையே ஆகும்.

மறுநாள் நண்பர்கள் வந்து பார்த்தார்கள். இவ்வகை லொறிகளுக்கான உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கும் வணிகம் உண்டு. வேறொரு கதவைப் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். பழைய எழுத்தின் பாணியிலேயே அழிந்த இரண்டையும் எழுதித் தரும் கைவினைஞர் உண்டு என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் தேய்த்து ஆலைப் பச்சையைப் பூசினால் நல்ல விலைக்குப் போகும் என்றார் மூன்றாமவர். ஆலோசனை மூன்றும் நியாயமானவையே. ஆனால் அவற்றின் அடியில் ஒரே கேள்வி கிடந்தது. ஒரு பொருளை மீட்பது என்றால் எந்த நாளுக்கு மீட்பது? கொம்பனி அதை விற்ற நாளுக்கா? மகன் அதை அழகுபடுத்திய நாளுக்கா? தந்தை அதில் புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்றிச் சென்ற நாட்களுக்கா?

சந்தைக்கு இக்கேள்வி இல்லை. ஜப்பானிய வழிவந்த பொப் ஹிரோஹாற்றா என்ற இளைஞருக்காக, பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் 1952 இல் உருமாற்றப்பட்ட 1951 ஆம் ஆண்டு மெர்க்குரிக் கார் இத்துறையிற் புகழ்பெற்றது. 1959 இல் ஒரு பள்ளி மாணவர் அதை 500 டொலருக்கு வாங்கி, பல ஆண்டுகளின் பின் தாமே பாடுபட்டு மீட்டெடுத்தார். 2022 இல் அது ஏலத்தில் 20 இலட்சம் டொலருக்கு மேல் விலை போயிற்று. உழைப்பாளி இளைஞரின் கலை செல்வரின் முதலீடாக மாறும் வழி இதுதான். வான் நைசில் 1947 முதல் செவ்ரலே வண்டிகளைச் செய்த ஆலை 1992 இல் மூடப்பட்டது. அதைக் காப்பாற்ற 1980களில் தொழிலாளரும் சுற்றுவட்டார மக்களும் சேர்ந்து பேரியக்கம் நடத்தியும் இறுதியில் பயன் கிட்டவில்லை. இன்று அந்நிலத்தில் ஒரு கடைத்தொகுதி நிற்கிறது. அதன் பெயர் 'த பிளான்ற்'; தொழிற்சாலை என்பதே பொருள். தொழிலாளரை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக் கொண்டார்கள்.

மீட்பது விருப்பமாக இன்றித் தேவையாக உள்ள இடமும் உண்டு. 1959 புரட்சிக்கு முன் கியூபாவுக்குச் சென்ற இதே செவ்ரலேகளும் போர்ட்களும், 1960 இல் தொடங்கி 1962 இல் முழுமையான அமெரிக்கத் தடையின்பின் உதிரிப் பாகமின்றி நின்றன. ஹவானாவின் இயந்திரக் கைவினைஞர் சோவியத் எஞ்சின்களைப் பொருத்தியும், இல்லாத பாகத்தைத் தாமே கடைந்தும் அவற்றை ஓட வைத்தார்கள். 2011 வரை புரட்சிக்கு முந்திய கார்களை மட்டுமே அங்கே தடையின்றி வாங்கி விற்க முடிந்தது; ஆகவே அவர்களது திறமையைப் போற்றும்போது அவர்களது நெருக்கடியையும் மறக்கலாகாது. பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களில் ஏறிச் சென்ற எமக்கு, இதைச் சுற்றுலாப் பயணியின் கண்ணோடு பார்க்க முடியவில்லை. எங்கும் ஒன்றே உண்மை: பொருளை உயிரோடு வைத்திருப்பது அதன் விலை அன்று, அதன்மேல் படும் கை.

பெரியவர் ஒரு கிழமை கதவைத் தொடவில்லை. பின்பு தமது முடிவைச் சொன்னார். வண்டியின் ஏனைய பாகங்களுக்கு ஆலைப் பச்சை. வலப்புறக் கதவில் பத்தொன்பது வயதில் தாம் பூசிய கரும்பச்சை அப்படியே இருக்கும். இடப்புறக் கதவில் எஞ்சிய எழுத்துகளின் மேல் நிறமற்ற மெருகு மட்டும். அழிந்த இரண்டையும் எழுதுவதில்லை. தந்தை எழுதியது தந்தையின் எழுத்து. தாம் எழுதினால் அது தம் எழுத்தாகி விடும் என்றார். நாம் தேய்த்த வெற்றுத் தகடும் அப்படியே இருக்கட்டும் என்றார். அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். கண்காட்சியில் எந்த நடுவரும் அவ்வண்டிக்குப் புள்ளி தரப்போவதில்லை.

நாம் புறப்படுவதற்கு முந்திய நாள் லொறி முதன்முறையாக ஓடியது. ஆறு சிலிண்டர் எஞ்சின் இருமித் தொடங்கிப் பின் சீராக ஒலித்தது. எம்மைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, பழைய ஆலை நின்ற இடத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். கடைத்தொகுதியின் அருகே சிவப்பு விளக்கில் நின்றபோது, புல்வெட்டும் இயந்திரங்களை ஏற்றிய ஒரு புது லொறி இடப்புறமாக வந்து நின்றது. அதை ஓட்டி வந்த இளைஞன் எமது கதவில் இருந்த அரைகுறைச் சொல்லை வாசித்தான். பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தான். பெரியவரும் தலையசைத்தார். விளக்கு பச்சையாயிற்று. இரண்டு லொறிகளும் ஒன்றாகப் புறப்பட்டன.